வலது கைப்பிடி

அன்று காற்று பலம்.
சன்னலுக்கு ஏணி நிமிர்த்தக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள்.
நான்கு மாடி.
கெண்ட் நகரத்துப் பழைய வீடுகளின் படிக்கட்டில்
தனியாள்கூட ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும்.

"வெறும் ஜாடிதானே" என்றார் லுட்கார்ட் அம்மையார்.
தாழி என்றது என் முதுகு.
இடுப்பு உயரம், கரு நீல மெருகு,
இரண்டு பக்கமும் கைப்பிடியாக வளைந்த
அன்னத்தின் கழுத்து.
உள்ளே இருட்டு. அதற்கும் எடை இருந்தது.

ஓடீல் கீழே, நான் மேலே.
எங்கள் தொழிலில்
கீழ்ப்படியில் நிற்பவனுக்குத்தான் வசைபாடும் உரிமை.
பாடினான்.
மூன்றாம் திருப்பத்தில், சுவர் மூலையில்,
டிக்.
சின்னச் சத்தம்.
சோற்றில் கல் கடிபட்ட மாதிரி.
ஓடீல் வாயை மூடிக்கொண்டான்.
நான் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை.
பார்க்காமலே மீதிப் படி ஏறினோம்.

அறையில் ஏற்கெனவே ஒரு கூட்டம்:
ஒரு காது போன பீங்கான் நாய்,
முள் இல்லாத கடிகாரம்,
கண்ணாடிக் கவிகைக்குள் மெழுகுத் திராட்சை,
யாருடைய திருமணத்துக்கோ பெயர் பொறித்த
பித்தளைத் தட்டு.
எல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
குடை பிடித்துக்கொண்டு பேரம் பேசியவை.

"ஒரு விரல் இடப்பக்கம் தள்ளுங்கள்.
இல்லை, அரை விரல் வலப்பக்கம்.
வெளிச்சம் தோளில் விழட்டும்,
முகத்தில் வேண்டாம்."
ஜாடிக்கு எது முகம் என்று நான் கேட்கவில்லை.
எங்களுக்கு மணிக்கணக்கில் கூலி.

பிறகு அவரே குனிந்து
ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார்.
வலது அன்னத்தின் கழுத்தில் விரல் நின்றது.
என் காது சுட்டது.
ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு கையாலும் அணைத்து
அரை வட்டம் திருப்பினார்.
விரிசல் சுவரைப் பார்த்துக்கொண்டது.
"இப்போது சரி."
காபி தந்தார், மேலே பத்து யூரோ.
காபி செரித்தது.

பதினோரு வருடம் கழித்து
அதே மாடிக்குப் போனேன், காலி செய்ய.
ஓடீலின் முழங்கால் அவனுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது.
கூட ஒரு புதுப் பையன்.
அம்மையாரின் அண்ணன் மகன்
ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்தார்,
போகும், போகாது, போகாது, போகும் என்று.
அன்று இலைகூட அசையவில்லை.
ஏணி சமர்த்தாக வந்து சன்னலைத் தொட்டது.

ஜாடியைச் சுவரிலிருந்து விலக்கினேன்.
விரிசலைக் காணோம்.
சன்னல் பக்கம் திருப்பினால் தெரிந்தது:
பசை வைத்து ஒட்டி, மேலே நீலம் தீட்டி.
ஜாடியின் நீலம் இல்லை,
கொஞ்சம் மினுக்கும் நீலம்.
நகப்பூச்சு.
எழுபது வயதுக்கு மேல் கடைக்குப் போய்
நீல நகப்பூச்சு கேட்டிருக்கிறார்,
யாரும் பார்க்காத ஒரு பக்கத்துக்காக.

எடை குறையட்டும் என்று கவிழ்த்தோம்.
இரண்டு சட்டைப் பொத்தான்,
ஒரு சதுரங்கச் சிப்பாய்,
சுருண்டு காய்ந்த ஆரஞ்சுத் தோல்,
நாயின் காது,
ஒரு தட்டைப் பென்சில்,
சிவப்பு, அடியில் பல் தடம்.
என் பல்.
அன்று மாலை அதைத் தேடித் தேடி
ஓடீலைச் சந்தேகப்பட்டு
இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தேன்.

"குப்பைக்கா, பெட்டிக்கா?" என்றான் பையன்.
பென்சிலைக் காதில் செருகினேன்.
நாயின் காதை எங்கே செருக?
நாய் முதல் நடையிலேயே இறங்கிப் போயிருந்தது,
'போகாது' பக்கத்தில்.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏணி முனகிக்கொண்டு இறங்கியது.
தெருவுக்கு மேலே, அந்தரத்தில்,
ஜாடி தன்னந்தனியாக.
எந்தச் சுவரும் இல்லை அதற்கு.
வெயில் நேராக நகப்பூச்சில் விழுந்தது.

கீழே கை நீட்டி நின்றவனிடம் கத்தினேன்:
மெல்ல.
அடியில் கை கொடு.
வலது கைப்பிடியைத் தொடாதே.