பத்தாவது ஜவ்வரிசி

பதிவேட்டில் இந்த வாரத் தலைப்பு: வட்டம்.
நோக்கம்: வட்டமானவற்றை அறிதல்,
ஒன்று முதல் பத்து வரை எண்ணுதல்.
நோக்கத்துக்கு அச்சடித்த கோடு இரண்டுதான்,
அதற்குள் எழுதி முடித்தாயிற்று.

ஆளுக்கொரு வட்டம் எடுத்து வாருங்கள் என்றிருந்தேன்.
இருபத்தேழு பேரில் பதினொரு வளையல்.
பெனினா பால்மாவு டப்பாவின் மூடி.
சர்வேஷ் கொண்டுவந்தது தட்டுவடை செட்,
மேலே ஒன்று கீழே ஒன்று
நடுவில் பீட்ரூட் துருவல் பிதுங்க
"ரெண்டு வட்டம் மிஸ்" என்று நீட்டினான்.
இடைவேளை மணிக்கு முன்பே
ஒரு வட்டம் காணாமல் போயிருந்தது.
ஹஃப்ஸா வெறுங்கையோடு வந்தாள்.
உன்னுடையது எங்கே என்றதும்
வாயைக் குவித்து
"ஓ" என்று காட்டினாள்.

தருண்வேலின் அப்பாவுக்கு ஆத்தூர் ரோட்டில் சேகோ மில்.
முதலாளி அல்ல, காயப்போடுகிறவர்.
ஒரு கிலோ ஜவ்வரிசி கொடுத்தனுப்பியிருந்தார்.
செவ்வாய்க்கிழமை முழுக்கப் பசை.
மின்விசிறி சுற்றினால் வட்டம் பறக்கிறது,
நிறுத்தினால் அம்மாப்பேட்டையின் மே மாதம்
ஆகஸ்டிலும் வந்து வகுப்பில் உட்கார்ந்துகொள்கிறது.
சட்டையில் ஒட்டியது, சப்பாத்தில் ஒட்டியது,
தாளில் ஒட்டியது குறைவு.

புதன்கிழமை ஆளுக்குப் பத்து மணி கொடுத்தேன்.
எண்ணு தருண்.
"ஒன்பது."
மறுபடி எண்ணு.
"ஒன்பது மிஸ்."
சரியாகத்தான் எண்ணினான்.
ஒன்று எங்கே?
மூக்கைத் தொட்டான்.

ஜவ்வரிசி ஊறினால் பெருக்கும்.
பாயசம் வைத்த எவளுக்கும் தெரிந்த பாடம்
என் வயிற்றில் பெருக்கத் தொடங்கியது.
ஆயா ராஜாமணி ஓடிவந்து
மறுபக்கத் துவாரத்தை விரலால் அடைத்து
சிந்துடா கண்ணு, உள்ள இழுக்காத, சிந்து என்றாள்.
கைகோத்து வட்டமாக நில்லுங்கள் என்று
மூன்று நாளாய்த் தொண்டை வறளக் கத்தியும்
வந்ததெல்லாம் முட்டை.
இப்போது யாரும் சொல்லாமலே
அவனைச் சுற்றி நின்றிருந்தார்கள்,
ஒரு கோணல் இல்லாமல்.

தும்மினான்.
என் புடவையில் வந்து ஒட்டியது,
கொஞ்சம் வீங்கி, பளபளவென்று.
"பத்து!" என்றாள் பெனினா.
பத்து பத்து பத்து என்று
பக்கத்து யுகேஜி எட்டிப் பார்க்கும்வரை.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது:
சிறுமணிப் பொருட்கள் இனி வகுப்பில் கூடாது.
அதற்குப் பின்னாலேயே அப்பா வந்தார்,
புருவத்தில் கிழங்குமாவு வெள்ளையோடு.
திட்டு வாங்க நிமிர்ந்து நின்றேன்.
"நாங்க மூட்டைக் கணக்குதான் மிஸ்,
ஒண்ணு ஒண்ணா எண்ணிப் பாத்ததே இல்ல.
இவன் ராத்திரி தட்டத்துல கொட்டி
எண்ணிட்டே தூங்கிட்டான்" என்றார்.
மூக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளியன்று தடைசெய்ய எதுவும் இல்லாத இடமாக
மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன்.
காலை வெயிலில் தெளிவாகச் சேர்வராயன்,
ஏற்காட்டுப் பக்கம் மட்டும் மேகம் படிந்து.
மலை வட்டமா, சொல்லுங்கள்.
இல்லை என்றார்கள் எல்லோரும், ஒரே குரலில்.
"வட்டந்தான்" என்றாள் ஹஃப்ஸா,
"மீதி மண்ணுக்குள்ள இருக்கு."
சர்வேஷ் குனிந்து
மாடித் தரையைத் தட்டிப் பார்த்தான்.

நோக்கம் நிறைவேறியதா?
ஆம் / இல்லை. பொருத்தமானதை வட்டமிடுக.
வட்டமிட்டேன்.
முட்டையாக வந்தது.

சனிக்கிழமை தலை வாரும்போது
பின்னலிலிருந்து ஒன்று உதிர்ந்து
சீப்பில் பட்டுத் தரையில் உருண்டது.
பதினொன்று.
அது அடுத்த வாரப் பாடம்.