பில்பீமுக்கும் எனக்கும் நடுவே

பிப்ரவரிப் புயலில் விழுந்தது வேலி,
பதினோரு பலகையும் ஒரே திசையில்.
யார் செலவு என்று அவர் தன் பத்திரம் பார்த்தார்,
நான் என் பத்திரம் பார்த்தேன்.
இரண்டிலும் அந்த வரி மட்டும் மங்கல்.
கடைசியில் இருவர் கைக்கும் எட்டிய விலையில்
நாற்பது குச்சிகள் வந்தன,
ஈரச் சாக்கில், பெயர்ச்சீட்டோடு.

ஆல்டர் பக்தார்ன்.
ஆல்டர் மரத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.
தார்ன் என்றால் முள். விரலால் தடவித் தேடினேன்,
ஒன்றுகூட இல்லை.
இந்த மண்ணிலேயே முளைத்ததற்கு இந்தக் கதி என்றால்
படிவத்தில் நான் குறியிடும் கட்டத்தைப் பற்றி
இனிப் புகார் சொல்வதற்கில்லை.

முதல் குளிர்காலம் மைனஸ் ஒன்பது.
ஃபேவர்ஷாம் ஓடை ஓரங்களில் கெட்டித்தது.
பில்பீமின் ரோஸ்மேரி கருகிப்போயிற்று.
இதன் மொட்டுக்குச் செதில்கூடக் கிடையாது,
போர்த்திக்கொள்ள மறுக்கும் பிள்ளை மாதிரி
வெற்றுடம்போடு நின்றது.

பூ கடுகளவு,
வெள்ளையா பச்சையா என்று முடிவெடுக்காத நிறம்.
தேனீக்களுக்கு அது போதுமாயிருந்தது.
ஒரே கிளையில் பூ, பச்சைக்காய், சிவப்பு, கறுப்பு.
கறுத்ததை மட்டும் பறித்துப்போகும் த்ரஷ் பறவை
யார் பத்திரத்தையும் கேட்கவில்லை.

மூன்றாம் வருடம் இலையெல்லாம் ஓட்டை.
வேலியே பயிரை மேயும் என்பார்கள் எங்கள் ஊரில்;
இங்கே வேலியையே ஏதோ மேய்ந்தது.
பில்பீம் தெளிப்பானோடு வந்தார்.
ஓர் இலையைக் காட்டினேன்.
நடுநரம்பு இரண்டாய்த் தெரிந்தது.
ஒன்று நகர்ந்தது.
“என்னவாக மாறும்?”
“பிரிம்ஸ்டோன்” என்றேன். கந்தகப் பட்டாம்பூச்சி.
தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், தோள் குலுங்க.

அவருடைய முப்பாட்டனுக்கு இங்கே வெடிமருந்து ஆலையில் வேலை.
சீராக எரியும் கரிக்கு இந்தச் செடியைத்தான் வெட்டினார்களாம்.
கரி எங்களுடையது,
வெடியுப்பு உங்கள் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது என்றார்.
என் பக்கமல்ல, பீகார்,
எங்கள் ஊருக்கு ஆயிரம் மைல் வடக்கே என்றேன்.
கந்தகம்தான் பாக்கி.
அது இலையில் படுத்து மென்றுகொண்டிருந்தது.

போன கோடையில் அவருக்கு இடுப்பில் அறுவை.
வலிமாத்திரை வலியோடு மற்றதையும் நிறுத்திவிட்டது.
கவாத்துக் கத்தியால் பட்டையைச் சீவி எடுத்து வந்தார்,
உள்பக்கம் எலுமிச்சை மஞ்சள்,
கஷாயம் வைக்கலாமா என்று கேட்டு.
நான் மருந்துக்கடையில் சீட்டு ஒட்டுகிறவள்.
பச்சையாகக் குடித்தால் குடலே வாய்வழி வரும்,
ஓராண்டு காய்ந்தால்தான் மருந்து என்று சொல்லி
நிலவாகை மாத்திரை ஓர் அட்டை கொடுத்தேன்.
அதற்குத் திருநெல்வேலிச் சரக்கு என்று பெயர்.
இது மட்டும் நிச்சயமாக என் பக்கம்.
பட்டையைக் காகிதப் பையில் போட்டு
மேலே தேதி எழுதினார், என் பேனாவில்.

வேலி இப்போது என் தலையைத் தாண்டிவிட்டது.
மார்ச்சில் முதல் மஞ்சள் வந்து
அவர் பக்கம் இரண்டு சுற்று, என் பக்கம் ஒன்று.
ஆள் தெரிவதில்லை. பை சரசரப்பது கேட்கிறது.
“ஆயிற்றா?”
இன்னும் எட்டு நாள்
என்கிறேன், இலைகளைப் பார்த்து.