சும்மா ஓடும் மணித்தியாலம்

ஒலுமடுக் கிரவல் கிடங்கில்
எனக்கொரு தகரக் கொட்டில், ஒரு மேசை.
மேசைமேல் டீசல் கொப்பி,
கொப்பிமேல் செம்புழுதி,
புழுதியில் நேற்று நான் பக்கம் புரட்டிய
விரல் தடம்.

பெக்கோ ஒன்று, டிப்பர் ஐந்து.
நாளொன்றுக்கு முந்நூற்று முப்பது லீற்றர்.
முதலாளி வவுனியாவிலிருந்து கேட்டார்:
"குடிக்குதோ, ஒழுகுதோ,
ஆரும் உருவி விக்கிறாங்களோ?"
கொப்பிக்குத் தெரியவில்லை.
ஊற்றியது மட்டும் அதற்குத் தெரியும்,
எரிந்தது தெரியாது.

கைபேசியில் மணி பார்த்தபடி
ஒரு பகல் முழுக்கப் பாலைமர நிழலில் குந்தினேன்.
அள்ள, திரும்ப, கொட்ட, மீள
இருபத்திரண்டு விநாடி.
பதினொரு வாளியில் ஒரு டிப்பர் நிறையும்.
ஐந்தும் ஒன்றன் குண்டியில் ஒன்று முட்டிக்கொண்டு வந்தன,
ஒன்றாகவே போயின.
பிறகு பதினேழு நிமிடம்
ஒருவரும் இல்லை.
வாளியை மண்ணில் ஊன்றியபடி
கண் சொருகி அசைபோடும் எருமைபோல
பெக்கோ மட்டும்
உறுமிக்கொண்டு நின்றது.

சும்மா நின்றால் மணிக்கு நாலு லீற்றர்.
நாலு லீற்றர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.
அந்த வருடம் மாங்குளம் செட்டில்
இரண்டு இரவு மோட்டார் சைக்கிளோடு படுத்து
ஒரு கிழமைக்கென்று வாங்கியது
அவ்வளவுதான்.

"கமலரூபன், நிப்பாட்டினால் என்ன?
முறிகண்டியில மட்டும் எல்லாரும் நிப்பாட்டுறியள்."
"பிள்ளையார் திரும்ப ஸ்டார்ட் பண்ணித் தருவார், அக்கா.
இஞ்ச பற்றறி செத்துப்போச்சு.
நிப்பாட்டினால் எழும்பாது."
பற்றறி கேட்ட கடிதம்
மூன்று மாதமாய் என் லாச்சிக்குள்தான் கிடந்தது.
என் கையெழுத்து.
வெட்கமாய் இருந்தது.

பற்றறி வந்தது, இரண்டு.
அப்போதும் அவன் நிப்பாட்டவில்லை.

இந்தமுறை நான் கேட்கவில்லை.
அவனே கதவைத் திறந்து
இருக்கைக்குப் பக்கத்தில் தொட்டுக் காட்டினான்.
நகமளவு கண்ணாடிக்குள் மணிமானி.
"இவர் கிண்டினாலும் எண்ணுவார்,
நின்றாலும் எண்ணுவார்.
இவற்ற எண்ணம்தான் என்ர சம்பளம்."

அன்றிரவு கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
கூட்டினேன், அடித்தேன், கூட்டினேன்.
டிப்பருக்கு டிப்பர் நாலு நிமிட இடைவெளி விட்டால்,
பெக்கோ நிற்கும் மேட்டை ஒரு முழம் உயர்த்தினால்,
காற்று வடிகட்டியை நாளுக்கொருதரம் தட்டினால்,
என்றெல்லாம் எழுதி
அடியில் பெரிய எழுத்தில்:
மணிக்கு வேண்டாம், லோட்டுக்குக் கொடுங்கள்.
ஒரு லோட்டுக்கு எவ்வளவு என்பதையும் எழுதினேன்.
பெடியன்ர மாதம் குறையாத கணக்கு.

"இதில எனக்கென்ன மிச்சம்?"
"பதினாறு லீற்றர், நாளுக்கு."
தொலைபேசிக்குள்
அவர் விரல் விடுவது கேட்டது.
"ஒரு மாதம் பாப்பம்.
பாத்து, சரிவராட்டி
உன்ர கணக்கையும் பாப்பம்."

வியாழக்கிழமை, காலை பத்தேகால்.
ஐந்தாவது டிப்பர் வளைவில் மறைந்ததும்
சாவியைத் திருப்பினான்.
எஞ்சின் ஒருதரம் குலுங்கி
அடங்கியது.
தூரத்தில் எங்கோ மாங்குளம் வீதியில்
ஒரு லொறி கியர் மாற்றுவது கேட்டது.
கொட்டிலின் தகரம் வெயிலுக்கு
டிக், டிக் என்றது.

கமலரூபன் இறங்கினான்.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
காற்சட்டையில் துடைத்தான்.
ஒன்றுக்குப் போய் வந்தான்.
பிறகு வாளியைச் சுற்றி நடந்து
குனிந்து, விரலால் தடவி,
என்னைப் பார்த்துக் கூப்பிட்டான்:
"அக்கா, பல்லெல்லாம் மொட்டை.
இதாலதான் மண் இறங்க இவ்வளவு நேரம்!
ஏறி இருந்தா இது தெரியாது."

புழுதியை ஊதிவிட்டுக்
கொப்பியைத் திறந்தேன்.
புதுக் கடிதம்:
வாளிப் பல், ஐந்து.
இதை லாச்சிக்குள் வைக்க மாட்டேன்.