சம நேரப் புள்ளி

ஆக்லாந்திலிருந்து சாந்தியாகோ
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
சுவர் வரைபடத்தில் நேர்கோடு போட்டால்
நீளும்.
குறுக்குவழி தெற்கே வளைந்து
பனிக்கண்டத்தின் குளிரை முகர்ந்துவிட்டுத்தான் மேலேறும்.
புதிதாய் வேலைக்கு வருகிறவர்கள் நம்புவதில்லை.
ஓர் ஆரஞ்சுப் பழத்தின்மேல்
நூலை இழுத்துக் காட்டுவேன்.

இன்று யாருக்கும் காட்டவில்லை.
சனிக்கிழமை. ஜன்னலுக்கு வெளியே
மானுகாவ் சேற்றிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.
மாலை ஐந்தரை விமானத்துக்கு
எரிபொருள் கணக்குப் போட்டது நான்தான்.
விட்டுவிடு ராவிரி, வேறு யாராவது போடட்டும்
என்றார் ஃபெலெட்டி.
கணக்குதானே என்றேன்.

பயணிகளைத் தனித்தனியாய் நிறுக்க மாட்டோம்.
தலைக்கு இத்தனை கிலோ என்று ஒரு சராசரி.
ஹிமேனா அதில் முக்கால்வாசிகூட இல்லை.
மிச்ச எடைக்கும் சேர்த்தே
எண்ணெய் ஊற்றி அனுப்பினேன்.
இல்லாத ஓர் ஆளின் கால்வாசி
கடல் தாண்டிப் போகிறது.

போகிற திசைக்குக் காற்று சாதகம்.
பதினோரு மணி நேரம்.
திரும்பி வர ஒன்றரை மணி கூட, சில நாள் இரண்டு;
தவிர, தேதிக்கோடு
முழுசாய் ஒரு நாளை விழுங்கிவிடும்.
அவள் மொழியில்
காலத்துக்கும் வானிலைக்கும் ஒரே சொல்: தியெம்போ.
அவள் வாங்கியது ஒருவழி டிக்கெட்.
ஆனாலும் திரும்புகிற கணக்கையும் போட்டுப் பார்த்தேன்.

நடுக்கடலில் ஒரு புள்ளி குறிக்க வேண்டும்.
எஞ்சின் ஒன்று நின்றால்
திரும்புவதற்கும் தொடர்வதற்கும்
ஒரே நேரம் ஆகிற இடம்.
அது பாதித் தூரத்தில் இருக்காது.
பின்னாலிருந்து தள்ளும் காற்று வலுக்க வலுக்கப்
புறப்பட்ட ஊர்ப்பக்கமே நகர்ந்து வரும்.
இருபது வருடமாய்க் குறித்துக் கொடுக்கிறேன்.
எங்கள் ஒன்பது வருடத்தில்
எங்கோ அதைக் கடந்திருக்கிறோம்.
நானோ
இன்னும் பாதிகூட ஆகவில்லை என்று
காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

இரவு பத்து இருபதுக்குத்
திரையில் சின்ன அம்புக்குறி புள்ளியைத் தாண்டியது.
மணி எதுவும் அடிக்கவில்லை.
ஃபெலெட்டி பிஸ்கட் டப்பாவை
என் பக்கம் தள்ளினார்.

நாலரைக்குத் தரையிறங்கிவிட்டது.
எனக்கு ஞாயிறு விடிகாலை.
அங்கே இன்னும் சனி, மதியம் பன்னிரண்டரை.
புறப்பட்டதற்கு ஐந்து மணி நேரம் முன்னாலேயே
போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சனி மதியம் பன்னிரண்டரைக்கு
எனக்கு எட்டடி தள்ளி
இரண்டு குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
ஒன்றைக் கவிழ்த்து வைத்த சத்தம் கேட்டது.
மற்றதைத் துடைத்து
அலமாரியில் வைத்தாளா, பெட்டியிலா,
நான் முதுகைத் திருப்பிக்கொண்டு
காற்று நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.