மாற்று

ஒரு காந்தம், ஒரு கைவிளக்கு,
பல் மருத்துவர் வாய்க்குள் விடுவது போல
காம்பு நீண்ட ஒரு சின்னக் கண்ணாடி.
நான் கொண்டுபோவது இவ்வளவுதான்.
பொன்னுக்கு மாற்றுப் பார்ப்பவர்கள் உண்டு.
நான் இரும்புக்குப் பார்க்கிறேன்:
எது கூடப் பிறந்தது, எது மாற்றியது என்று.

மொண்டோவிக்கு மேலே, மலைச்சரிவில்,
ஹேசல்நட் தோப்புகள் பனிமூட்டத்தில் காணாமல்போன காலை.
எர்மெத்தே பொனார்தோ
கொட்டகைக் கதவைத் தோளால் முட்டித் திறந்தார்.
உள்ளே அறுபத்து நான்காம் வருடத்து லான்சியா.
சாம்பலும் நீலமும் இன்னும் பேசி முடிக்காத நிறம்.

"கை படாத வண்டி. ஒரு திருகாணிகூட."
"இந்த வளைவில் ஒரு நெளிவு இருக்கிறதே?"
"அது ஆடு. தொண்ணூற்று மூன்றில்.
ஆடு தொட்டது, நான் தொடவில்லை."

பாசலில் ஒருவர் பணத்தோடு காத்திருந்தார்.
என்னிடமிருந்து அவருக்குத் தேவை ஒரே சொல்.

காந்தம் எங்கும் தயங்கவில்லை.
ஜன்னல் கண்ணாடிகளின் மூலையில் ஆண்டுக்குறி சரி.
பின்னிருக்கையைத் தூக்கினால்
வெயில் பார்க்காத சிவப்பு, நேற்றுத் தைத்தது போல.
என்ஜின் எண் காகிதத்தோடு ஒத்துப்போனது.
சட்டக எண்ணும்தான்.
ஏழின் வால், ஒன்பதின் வயிறு, எல்லாம் தொழிற்சாலைக் கை.

எண்ணில் குறை இல்லை.
எண்ணைச் சுற்றியிருந்த தகட்டில் இருந்தது.

வயர்க் கட்டுக்குப் பின்னால் விரலை நுழைத்தேன்.
விரல்நுனிக்கு ஒரு தழும்பு தட்டுப்பட்டது.
கண்ணாடியைச் செருகி விளக்கைத் திருப்பினேன்.
தபால்தலை ஒட்டியது போல
நாலு பக்கமும் பற்றவைத்து, அரம் போட்டு, வர்ணம் பூசி.
எங்கோ ஒரு திருப்பத்தில் நொறுங்கிப்போன வண்டியின் பெயரை
வெட்டியெடுத்து
பெயர் சொல்ல முடியாத ஒன்றின் நெற்றியில் பதித்திருக்கிறார்கள்.
நல்ல வேலைக்காரன். பாராட்டத்தான் தோன்றியது.

சொல்லவில்லை. கண்ணாடியை அவரிடம் கொடுத்தேன்.
குனிந்தார், முழங்கால் சொடுக்கியது.
வெகுநேரம் நிமிரவில்லை.

"யாரிடம் வாங்கினீர்கள்?"
"ஒரெஸ்தேயிடம். என் தம்பி."

பிறகு, விளக்கை அணைக்காமலே,
"முப்பத்தாறு வருடம்
எதைத்தான் ஓட்டினேன் நான்?"

என் படிவத்தில் நாற்பத்திரண்டு கட்டங்கள்.
இதற்கு ஒன்றும் இல்லை.

முற்றத்தில் நின்று பாசலுக்கு அந்தச் சொல்லைச் சொன்னேன்.
மறுமுனையில் இருந்தவர் மரியாதையானவர்.
நன்றி என்றார், ரசீதை அனுப்பச் சொன்னார்.

பேருந்து போய்விட்டிருந்தது. மழை பிடித்தது.
"ஏறுங்கள்," என்றார் பொனார்தோ.
கதவு ஒரே தட்டில் மூடியது,
நல்ல பெட்டிக்கு மூடி பொருந்துவது போல.
வைப்பர் ஒன்றுதான் வேலை செய்தது, அவர் பக்கத்தது.
என் பக்கம் உலகம் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது.

ரயில்வே கேட்டில் நிறுத்தினார்.
பழக்கம்போல என்ஜினை அணைத்தார்.
சரக்கு ரயில், முடிவே இல்லாமல்.
பெட்டிகளை எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

"விற்ற அன்று,
பணத்தை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டான்.
என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.
அதைப் பாசம் என்று நினைத்தேன்.
இத்தனை வருடமும் அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன்,
அவன் அடக்கத்தன்று தேவாலயத்திலும்."

கேட் உயர்ந்தது.
பின்னால் நின்ற லாரி ஹார்ன் அடித்தது.
அவர் சாவியைத் திருப்பினார்.
முதல் திருப்பிலேயே உயிர் வந்தது வண்டிக்கு.
யாருடைய உயிரோ.

டூரின் ரயிலில் படிவத்தை முடித்தேன்.
கட்டம் நாற்பத்தொன்று: ஓட்டிப் பார்க்கப்பட்டதா?
ஆம். பதினோரு கிலோமீட்டர், மழையில்.
மூன்றாம் கியரில் லேசான முனகல்.
பிரேக் நேராகப் பிடிக்கிறது.