பச்சை வயர், கறுப்பு வயர்

எடவப்பாதி தொடங்கிய மூன்றாம் நாள் ராத்திரி
ஒரே ஒரு இடி.
காலையில் கடையைத் திறந்து பொத்தானை அமுக்கினால்
மூச்சில்லை.

சவம், என்றேன்.
குளச்சலில் அது வசவு.
அன்றைக்குச் செய்தியும் அதுதான்.

வாசலில் தடைக்கால நிவாரணத்துக்கு
ஆதாரும் பாஸ்புக்குமாக எட்டுப் பேர்.
"ஓங்கி ஒரு அடி குடுத்துப் பாருங்க டீச்சர்,
எங்க எஞ்சினுக்கும் அதான் வைத்தியம்"
என்றார் கிளீட்டஸ்.
நான் டீச்சர் இல்லை.
கம்ப்யூட்டர் இருந்ததால் டீச்சர்.

பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு
திங்கள்சந்தை பஸ் ஏறினேன்.
எனக்கு டிக்கெட் இல்லை.
மடியில் இருந்ததற்கு லக்கேஜ் கிழித்தார் கண்டக்டர்.
"செத்ததுக்குமா காசு?"
"உசிரோட இருக்க பொம்பளைகளுக்குத்தான் ஃப்ரீ, அக்கா."

ரெஜீஷ் பக்கத் தகட்டைக் கழற்றினான்.
பல்லி முட்டை ஓடு இரண்டு,
ஃபேனில் கம்பளியாய்த் தூசு,
திருகுகளில் பதினொரு வருசக் கடல்.
குண்டூசி ஒன்றை வளைத்து
பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கோர்த்தான்.
பவர் சப்ளை ஃபேன் சுற்றியது.
நான் கைதட்டிவிட்டேன்.

"சந்தோசப்படாதீங்க.
இது செத்திருந்தா அறுநூறு ரூவாயோட போயிருக்கும்.
இது நல்லாருக்குன்னா
போனது போர்டு."

இந்த மாடல் போர்டு இப்போது வருவதில்லை.
பழையது இரண்டாயிரத்து இருநூறு, வாரண்டி அவன் வாய்.
பெங்களூரில் ஏதோ ஆபீஸ் கழித்துக்கட்டிய பெட்டி
ஏழாயிரத்து ஐநூறு.
புதுசு பதினெட்டாயிரம், மானிட்டர் சேர்க்காமல்.

குவைத்திலிருந்து மெல்கியாஸ் சொன்னார்:
"தூக்கிக் கடல்ல போடு. புதுசு வாங்கு."
அவர் சம்பளம் வந்து இரண்டு மாசம்.
அதை அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

ரெஜீஷ் டார்ச் அடித்துக் காட்டினான்.
போர்டில் நாலு குட்டி உருளைகள்
கரையில் ஒதுங்கிய பேத்தை மீன்போலத்
தலை உப்பிக் கிடந்தன.
"மாத்தி சால்டர் வைக்கலாம். நூத்தம்பது.
ஆறு மாசம் ஓடும்.
இல்லேன்னா நீங்க குளச்சல் போய் இறங்குற வரைக்கும் ஓடும்."

பையில் சீட்டுப் பணம் ஏழாயிரம்.
குறைந்த ஐநூறு ஒரு காரணமே இல்லை,
கேட்டிருந்தால் அவனே குறைத்திருப்பான்.

"சால்டர் வை" என்றது என் வாய்.

ஈயப் புகை. ஒரு சாயா.
திரையில் வெளிச்சம்.
2009 சனவரி ஒன்று, நள்ளிரவு, என்றது பெட்டி.
தொடர வேண்டுமானால் எஃப்-ஒன் அமுக்கு என்றது.
"பேட்டரி காலி. இருபது ரூவா. போடட்டா?"
வேண்டாம் என்றுவிட்டேன்.
நூற்றைம்பதுக்கு மேல் ஒரு ரூபாய்க்கும்
எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை.

முதல் நாள் மறந்துபோய்
கிளீட்டஸின் மனுவில் அந்தத் தேதியே விழுந்தது.
வாங்கி வெகுநேரம் பார்த்தார்.
"அப்போ எனக்குப் படகே கிடையாதே, டீச்சர்."

இப்போதெல்லாம் கடை திறந்ததும்
முதலில் எஃப்-ஒன்.
பிறகு இன்றைக்கு என்ன தேதி என்று
நான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.
சொன்னதை அப்படியே நம்பி
வேலையைத் தொடங்குகிறது.

ஏழாயிரம் உறையிலேயே இருக்கிறது.
வானம் மின்னினால் மட்டும்
நடுராத்திரியில் குடையோடு போய்
பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து படுக்கிறேன்.