நாற்பத்தொன்று

கிரகத்துக்கு ஓர் எண் போதும் என்றுதான் தொடங்கினேன்.
பூச்சியம் என்றால் வெறும் பாறை.
நூறு என்றால் நெல் விளையும்.
இடையில் எங்கோ
ஜெலுத்தோங், ஏழாவது மாடி,
சுங்கை பினாங்கு நாறும் பின்மாலை.
நாற்பத்தொன்று போடலாம்,
மழை பெய்தால் நாற்பத்து நான்கு.

கதிர்வீச்சுக்குத் தனிக் கட்டம்.
ஒவ்வோர் இனத்துக்கும் தாங்கும் எல்லை இரண்டு,
கீழே ஒன்று, மேலே ஒன்று.
தாண்டினால் ஒரு சுற்றுக்குப்
பத்தில் ஒரு பங்கு குடிகள் குறைவார்கள்.
'குறைவார்கள்' என்றுதான் எழுதியிருந்தேன்.
சூன் ஹுவாட் அதைச் சிவப்பாக்கிப்
பக்கத்தில் சின்ன மண்டையோடு ஒன்று வைத்தான்.
அழகாகத்தான் இருந்தது.

சுமத்ராவிலிருந்து புகை வந்த வாரம்
பாலம் தெரியவில்லை, பள்ளிகளை மூடினார்கள்.
என் சூத்திரப்படி ஏழு.
ஏழில் ஒருவரும் இருக்கக் கூடாது.
கீழே, முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டு
குவைத்தியாவ் கடையில் வரிசை நின்றது.
சூத்திரத்தில் பசி விட்டுப்போயிருந்தது.
சேர்க்கவில்லை. ஆட்டம் நீண்டுவிடும்.

நிலவகைக்கு ஐந்து பெயர் கேட்டான் ஹுவாட்.
பள்ளியில் மனப்பாடம் செய்த வரிசை
தானாக வந்தது:
குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல்.
ஐந்தாவதைத் தட்டும்போது கை நின்றது.
பாலைக்கென்று நிலம் ஏது,
மற்றது காய்ந்தால்தானே அது?
வகையிலிருந்து எடுத்து
நிலைமையில் போட்டேன்.
எந்தக் கிரகமும் ஆகலாம், அதன் சூரியன் வீங்கினால்.
அன்றிரவுச் சோதனை ஆட்டத்தில்
நூற்றிருபதாம் சுற்றில்
அஸ்ரினின் தலைநகரமே பாலையானது.
விடிகாலை இரண்டு மணிக்குக் குரல்செய்தி,
முழுக்க மலாயில் வசவு.

கோகிலவாணி இரவுப் பணி முடித்து வந்தாள்.
பெரியாஸ்பத்திரி, எக்ஸ்ரே பிரிவு.
ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே திரையைப் பார்த்தாள்.
"இவங்க அங்க பத்துச் சுற்று இருந்தாங்க இல்ல?"
"ஆமா."
"அப்புறம் கப்பல் ஏறி நல்ல இடத்துக்குப் போயிட்டாங்க."
"ஆமா. எண் பச்சையாயிடும்."
"எப்படி லா பச்சையாகும்?"
சட்டையில் குத்தியிருந்த வில்லையைக் கழற்றி
விசைப்பலகை மேல் வைத்தாள்.
தீப்பெட்டியைவிடச் சிறியது.
மாதம் ஒருமுறை அனுப்புவார்கள், எண் வரும்,
போன மாதத்தோடு கூட்டுவார்கள்.
பதினோரு வருடக் கூட்டல் ஒரு கோப்பில் இருக்கிறது.
விடுப்பு எடுத்தாலும் அது கழிவதில்லை.
"இடத்தோட கணக்கா போட்டுட்ட. இது ஆளோட கணக்கு."
தூங்கப் போய்விட்டாள்.

விதியை மாற்ற மூன்று வாரம்.
ஒவ்வொரு குடிக்கும் தனிக் கணக்கா,
நாலு கோடிப் பேர், ஒருத்தர் விடாமலா,
நினைவகம் தாங்காது என்றான் ஹுவாட்.
கப்பலுக்கு ஒன்று என்று பேரம் பேசி முடித்தோம்.
இப்போது
நல்ல மருதத்தில் இறங்கிய பிறகும்
சிலர் குறைகிறார்கள்.
ஏன் என்று சொடுக்கினால்
எண்பது சுற்றுக்கு முந்தைய கிரகத்தின் பெயர் வருகிறது.
அஸ்ரின் இதைப் பிழை என்று பதிந்திருக்கிறான்.
மண்டையோட்டை எடுத்துவிடச் சொன்னேன்.
பெயர் போதும்.

அவள் விடுப்பில் இருந்த அந்த மூன்று வாரமும்
வில்லை என் திரைக்கடியிலேயே கிடந்தது.
முடிவு நேற்று வந்தது:
அளக்கும்படி ஒன்றுமில்லை.
கீழே பாயான் லெப்பாஸ் ஆலைப் பேருந்து
காலைப் பணிக்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்தது.
நாற்பத்தொன்றை
இன்னும் மாற்றவில்லை.